கூரையில் ஒரு கண்

அத்தியாயம் பதினொன்று

“அப்பா, ஓட்டைக்கு அந்தாண்ட ஒரு கண்ணு தெரியுதே, அது யாருது?”

மூன்று வருடங்களுக்கு முன்பு, பாயில் மல்லாந்து படுத்திருந்த எட்டு வயது பெனிஷா கேட்ட கேள்வி இது. முந்தின நாள் புயலில் முருங்கைக் கிளை ஒடிந்து விழுந்து, வெள்ளானூரில் அவர்கள் வீட்டு சிமெண்ட் ஷீட்டை உள்ளங்கை அகலத்துக்கு உடைத்திருந்தது. அவள் அப்பா எட்மண்ட் அதன்மேல் ஒரு பேனரை விரித்துச் செங்கல் வைத்திருந்தார். காலை வெயில் அந்தப் பேனரில் பட்டபோது, ஓட்டையில் ஒரு மனிதக் கண் தெரிந்தது. சிரிக்கிற கண்.

எட்மண்ட் வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

“அது உன்னோட காவல் சம்மனசும்மா. நீ தூங்கறப்ப பாத்துக்கற தேவதூதரு.”

அன்று முதல் பெனிஷா இரவு ஜெபம் முடிந்ததும் ஓட்டையைப் பார்த்து, “சம்மனசே, குட்நைட்” என்று சொல்லாமல் படுத்ததில்லை. இருட்டில் கண் தெரியாது. தெரியாவிட்டாலும் சொல்வாள். எட்மண்டுக்கு அந்த நேரத்தில் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருக்கும்.

*

அக்டோபர் மாதத்தில் மாதாவின் சிலை, அன்பியம் என்கிற பகுதிக் கிறிஸ்தவக் குழுவின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள் தங்கும். அன்று மாலை அக்கம்பக்கத்தார் கூடி ஜெபமாலை சொல்வார்கள். ஒழுகுகிற கூரைக்குக் கீழே மாதாவை வைக்கக் கூசி, எட்மண்ட் குடும்பம் இரண்டு வருடங்களாகச் சாக்குச் சொல்லி வந்ததை வாசகர்கள் அறிவார்கள். ஒரு வருடம் பிள்ளைக்கு அம்மை என்றார்கள். அடுத்த வருடம் ஊருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, விளக்குப் போடாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

போன வார அன்பியக் கூட்டத்தில் எட்மண்டின் மனைவி ஆரோக்கியம்மாள் அவரைக் கேட்காமலே எழுந்து, “வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு” என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தச் சனிக்கிழமை கூரை மாற்றுகிற வேலை. கூலிக்கு ஆள் வைக்கவில்லை. எட்மண்டும், அம்பத்தூரில் வெல்டராக இருக்கும் அவர் மைத்துனன் யூஜினும்தான்.

காலை ஏழு மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு வனஜா கதவை அகலத் திறந்து வைத்துவிட்டாள். தெருமுனை வீடு அவளுடையது. மேலே மொட்டை மாடி. கூரையைப் பிரித்தால் சாமான்களை எங்கே வைப்பீர்கள் என்று அவளாகவே கேட்டு, நடு அறையை ஒழித்துக் கொடுத்திருந்தாள்.

“பீரோவ அந்தச் சொவராண்ட வை. ஏம்ப்பா யூஜினு, பாத்து. சொவரப் பேத்துடாதே!”

“அக்கா, உங்க ஊட்டு சொவரு என்னைவிடக் கெட்டி.”

“ஆமா, நீ துன்ன இட்லிக்கு இன்னொரு சொவரே எழுப்பியிருக்கலாம்.”

ஆரோக்கியம்மாள் மாதா படத்தையும் இருதய ஆண்டவர் படத்தையும் மார்போடு அணைத்து வந்து, எங்கே வைப்பது என்று தயங்கினாள்.

“என்னாண்ட குடும்மா. சாமியத் தரையில வெக்கலாமா?” வனஜா தன் பூஜை அலமாரியில் குங்குமச் சிமிழை நகர்த்தி இடம் பண்ணினாள். “பக்கத்துல முருகன் கீறாரு. பேசிக்கினு இருக்கட்டும்.”

எட்மண்ட் டிரங்குப் பெட்டியைச் சுமந்து உள்ளே வந்தார். நடு அறைச் சுவரில் கலியமூர்த்தியின் படம் மாலையோடு தொங்கியது. அதன் கீழே கடக்கும்போது அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெட்டி கனமில்லை.

வனஜாவின் கணவர் கலியமூர்த்தி ஆவடித் தொழிற்சாலையில் ஃபிட்டர். எட்மண்டுக்கு அங்கே ஒப்பந்த வேலை வாங்கிக் கொடுத்தவர். மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். சுவரில் இருப்பது அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. விறைத்த கழுத்தும் இறுகிய உதடுமாக இருப்பார். “இது யாரோ மாதிரி கீது” என்று வனஜா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவர் வாய்விட்டுச் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்று இருந்தது. யாரோ கல்யாண வீட்டில் எடுத்து அவர் செல்போனுக்கு அனுப்பியது. அதைத்தான் கண்ணீர் அஞ்சலி பேனரில் பெரிதாகப் போட்டு, தெருமுனையில் பச்சையப்பனின் டீக்கடைக்கு எதிரே கட்டியிருந்தார்கள்.

அவர் போன ஒன்பதாம் நாள் புயல் வந்தது. செல்போன் வெள்ளத்தில் போயிற்று. பேனர் அடித்த கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்து, கம்ப்யூட்டர் வீணாயிற்று. மறுநாள் பார்த்தால் பேனரும் இல்லை.

அன்று பச்சையப்பனின் கடைமேல் புதிதாக ஒரு பேனர் கிடந்தது. அது ஏதோ மனை விற்பனை விளம்பரம். அவர் எடுத்துக் காட்டினார். வனஜா நம்பவில்லை. தன் புருஷன் பேனரைக் கொடுத்துவிட்டு இதை வாங்கியிருப்பான் என்றாள். தெருவே கூடி நிற்க, வாயில் வந்ததையெல்லாம் சொன்னாள். டீக்கடைக்குத் தண்ணீர் பிடிக்க விட்டிருந்த தன் வீட்டு வாசல் குழாய்க்கு அன்றே பூட்டுப் போட்டாள். அது முதல் பச்சையப்பன் இரண்டு தெரு தள்ளிச் சைக்கிளில் போய்க் கேனில் தண்ணீர் கொண்டு வருகிறார்.

கூடி நின்றவர்களில் எட்மண்டும் ஒருவர். அவர் வீட்டுக் கூரைமேல், முகம் கீழே கவிழ்ந்து, வெளுத்த முதுகு வானத்தைப் பார்க்க, அந்தப் பேனர் அப்போதே கிடந்தது.

*

யூஜின் ஏணியைச் சாத்தியதுமே எட்மண்ட் ஏறிவிட்டார்.

“இரு மாமா, நானும் வரேன். ஒத்த ஆளா ஷீட்டு மேல போவாதே!”

“நீ போல்ட்ட அறு. மேல இருக்கறத நான் எடுத்துக்கறேன்.”

கட்டை மேல் கால் வைத்து நகர்ந்து, செங்கற்களை ஒவ்வொன்றாக ஓரம் வைத்தார். பேனரின் விளிம்பு வெயிலில் முறுகி அப்பளம் போல் நொறுங்கியது. ஒரு நுனியைத் தூக்கி உள்பக்கமாகவே மடித்துச் சுருட்டத் தொடங்கினார். கீழே பார்க்கவில்லை. பார்க்காமலே கைக்குத் தெரிந்தது, எழுத்து எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்று.

“தம்பீ!”

மாடியில் வனஜா ஈரத்துணியோடு நின்றிருந்தாள். தினம் அவள் துணி காயப்போடுகிற இடம். குனிந்தால் எட்மண்ட் வீட்டுக் கூரைதான்.

“அந்த வெள்ளத் தார்ப்பாய் இன்னும் நல்லாத்தான கீது? தூக்கிப் போட்டுறாதே. எனக்குக் குடு, வெறகு மேல மூடிக்கிறேன்.”

எட்மண்ட் சுருளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“கிழிஞ்சி போச்சு அண்ணி. நல்லதா வேற தரேன்.”

“சரி சரி. கால் பத்திரம்.”

சுருட்டியதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சொருகி, மேலே ஒரு சாக்கைப் போட்டார். நிமிர்ந்தால் ஆரோக்கியம்மாள்.

“அதை எங்க கொண்டு போகப் போறீங்க?”

“எதை?”

“தொட்டிக்குப் பின்னால வெச்சதை.”

“அது... பழைய தார்ப்பாய். குப்பையில போடணும்.”

ஆரோக்கியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். “கலியமூர்த்தி அண்ணன் கண்ணு எனக்குத் தெரியாதா? தினம் காலையில பால் பாக்கெட் வாங்கியாந்து நம்ம கேட்ல மாட்டிட்டுப் போன மனுஷன். ரெண்டாம் வாரமே தெரிஞ்சிபோச்சு எனக்கு.”

மூன்று வருடங்களாக ஒரே பாயில் படுத்து, ஒரே ஓட்டையைப் பார்த்து, இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் ஒளித்திருக்கிறார்கள்.

“ஏன் கேக்கல?”

“கேட்டா திருப்பிக் குடுக்கணுமே. குடுத்தா தெருவுல எப்படி நடக்கறது?” அவள் கண் கலங்கியது. “நீங்க கோயில்ல நற்கருணை வாங்க எழுந்து போகாம பெஞ்சுலயே உக்காந்துக்கறீங்களே, வயித்து வலின்னு. அதுவும் இதுக்குத்தானே?”

அவர் தலையை ஆட்டினார். “ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். எடுத்ததை உடையவங்ககிட்ட குடுத்துட்டு வான்னாரு. அதுக்கப்புறம் நற்கருணைக்குப் போகல.”

கூரைமேலிருந்து யூஜின் கத்தினான். “மாமா! புருஷன் பொண்டாட்டி அப்பால கொஞ்சிக்கலாம். ஷீட்ட புடிக்க ஆளு வோணும்!”

*

துருப்பிடித்த கொக்கி போல்ட்டுகளை அறுத்து, தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கடைசியாக ஏறிய ஷீட்டை முதலில் இறக்கினார்கள். மதியத்துக்குள் வீடு நான்கு சுவரும் ஆகாயமுமாக நின்றது.

வனஜா சோறும் கத்திரிக்காய்க் காரக்குழம்பும் அங்கேயே கொண்டு வந்தாள். கூரையில்லாத அறையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். தட்டுகளில் வெயில் விழுந்தது.

பெனிஷா அண்ணாந்து பார்த்தாள். இப்போது பதினொரு வயது. சம்மனசு எப்படி இருக்கும் என்பதில் சந்தேகம் வரத் தொடங்கியிருக்கிற வயது.

“சம்மனசு போயிட்டாரு” என்றாள்.

“எந்த சம்மனசுடி கண்ணு?” வனஜா சோற்றைப் பரிமாறியபடி கேட்டாள்.

“அங்க ஒரு ஓட்டை இருந்துச்சில்ல பெரியம்மா, அது வழியா பாத்துக்கிட்டே இருப்பாரு. ஒரு கண்ணுதான் தெரியும். சிரிச்ச மாதிரி இருக்கும். புருவத்துல குறுக்கால ஒரு கோடு. வெட்டுப்பட்ட மாதிரி.”

ஆரோக்கியம்மாளின் கை தட்டில் நின்றது. எட்மண்ட் நிமிரவில்லை.

முன்பொரு முறை தொழிற்சாலையில் இரும்புத் துண்டு தெறித்துக் கலியமூர்த்தியின் புருவம் இரண்டாகப் பிளந்தது. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்து, தையல் பிரிக்கும்வரை கஞ்சி ஊட்டியவள் வனஜா.

அவள் கரண்டி ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. மேலே பார்த்தாள். தன் மாடியைப் பார்த்தாள். பிறகு, ஒன்றுமே கேட்காதவள் போலக் குனிந்து, எட்மண்டின் தட்டில் குழம்பு ஊற்றினாள்.

“சாப்புடு தம்பி. காலையிலேர்ந்து வெயில்ல கீற.”

அவள் திட்டியிருந்தால் அவர் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார். இன்னும் ஒரு பொய்க்கு அவரிடம் இடமிருந்தது. ஆனால் அவள் அப்பளத்தை உடைக்காமல் முழுதாக எடுத்து அவர் தட்டின் ஓரத்தில் வைத்தாள். தெரிந்தும் வைத்தாள். எட்மண்ட் தட்டைத் தள்ளி வைத்தார்.

எழுந்து போனார். தொட்டிக்குப் பின்னாலிருந்து சுருளை எடுத்து வந்து, வனஜாவின் முன்னால் வைத்துப் பிரித்தார்.

கலியமூர்த்தி தரையில் படுத்தபடி வாய் நிறையச் சிரித்தார். தோளில் துண்டு, முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி. மூன்று வருட வெயிலும் மழையும் முதுகோடு நின்றுவிட, முகம் அப்படியே இருந்தது. ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சமையல் புகை பழுப்பாகப் படிந்திருந்தது.

“நான்தான் அண்ணி எடுத்தேன். புயல் அன்னிக்கு ஷீட்டு உடைஞ்சி உள்ள தண்ணி கொட்டுச்சு. புள்ளைய எங்க படுக்க வைக்கறதுன்னு தெரியல. வெளிய ஓடினேன். இது ஒரு கயித்துல தொங்கிட்டு இருந்துச்சு. மழை விட்டதும் திருப்பிக் கட்டிடலாம்னுதான்...”

“கட்லியே.”

“விடிஞ்சதும் நீங்க பச்சையப்பன் அண்ணன்கிட்ட சத்தம் போட்டுட்டு இருந்தீங்க. பயந்துட்டேன்.”

“எனக்கும் தெரியும்க்கா” என்றாள் ஆரோக்கியம்மாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. “நானும்தான் சொல்லல.”

வனஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்மண்டைவிட ஆரோக்கியம்மாளை அதிக நேரம் பார்த்தாள்.

“அந்தப் போட்டோ போச்சேன்னு எத்தினி தபா உன் மடியில படுத்து அழுதிருப்பேன்.”

யூஜின் சோற்றுத் தட்டைக் கையில் வைத்தபடி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

வனஜா தரையில் உட்கார்ந்து, முந்தானை நுனியை எச்சில் தொட்டு, அந்தப் புகைக் கறையைத் துடைத்தாள். கொஞ்சம் போயிற்று. கொஞ்சம் போகவில்லை.

“பச்சையப்பன இன்னா சொன்னேன் தெரியுமா? செத்தவன் மூஞ்சிய வித்துத் துன்றவனேன்னேன். அவன் பொண்ணு பக்கத்துல நின்னுகினு இருந்துச்சு. அவன் ஒரு வார்த்த திருப்பிப் பேசல.” அவள் குரல் உயரவில்லை. “நீ அங்கதான நின்னுகினு இருந்தே?”

“ஆமா அண்ணி.”

“எடுத்தது மழைக்காவ. அத்த நான் வுட்டுடுவேன். பேசாம இருந்தியே, அது எதுக்காவ?”

இத்தனை நாள் எட்மண்ட் தன்னைத் திருடன் என்றுதான் எண்ணி வெட்கப்பட்டிருந்தார். திருட்டு ஒரு இரவோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு நாளும், பச்சையப்பன் தண்ணீர்க் கேனோடு சைக்கிள் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டே அவர் வேலைக்குப் போயிருக்கிறார். மனிதன் எதற்காக வெட்கப்பட வேண்டும் என்பதைக்கூடச் சில நேரம் இன்னொருவர்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வனஜா பேனரைச் சுருட்டினாள். முகம் கசங்காமல் தளரச் சுருட்டினாள். வாசல்வரை போனவளைப் பெனிஷாவின் குரல் நிறுத்தியது.

“பெரியம்மா, அப்ப சம்மனசு இல்லியா? கலியமூர்த்தி பெரியப்பாவா?”

வனஜா திரும்பாமல் நின்றாள்.

“தெனம் உன்னியப் பாத்துகினுதான இருந்தாரு? அப்பால இன்னா.”

போய்விட்டாள். அவள் வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. பீரோ, அடுப்பு, துணிமணி, நாளைக்கு மாதாவை வைக்க வேண்டிய மேஜை, சாமி படங்கள் எல்லாம் அந்தக் கதவுக்கு உள்ளே இருந்தன.

*

மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழைக்கு முன் மூடியாக வேண்டும். எட்மண்டும் யூஜினும் மறுபடி ஏறினார்கள்.

செங்கல் நிறத்தில் புது ஷீட்டுகள். நேராக வைத்து, ஓரத்துக்கு ஓரம் ஏற்றி, ஸ்க்ரூ முடுக்கி, அடுத்தது. நெடுநேரம் யூஜின் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. கடைசியில் ஸ்க்ரூ டப்பாவை நீட்டியபடி சொன்னான்.

“இன்னா மாமா நீ. ஒரு பேனரு. என்னாண்ட ஒரு போன் பண்ணியிருந்தா நாலு கொண்டாந்து போட்டிருப்பேனே.”

“கேக்கக் கூச்சமா இருந்துச்சுடா.”

“எட்த்துக்க கூச்சமா இல்லியா?”

கேட்டுவிட்டு அவனே நாக்கைக் கடித்துக்கொண்டான். எட்மண்ட் ஸ்க்ரூவை வாங்கிக்கொண்டு, “இருந்துச்சு” என்றார்.

கீழே ஆரோக்கியம்மாள் வெறும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினாள். வனஜா வீட்டுக் கதவைத் தட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அது வராது என்று அவளுக்குத் தெரிந்தும் இருந்தது. தட்டாமல் தீராது என்றும் தெரிந்திருந்தது.

கடைசி ஸ்க்ரூ இறங்கியபோது மணி மூன்றரை. உள்ளே புதுக் கூரையின் நிழல் ஒரு கோடு விடாமல் விழுந்தது. அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட வீட்டில் யாரும் இல்லாதது போலிருந்தது.

எட்மண்ட் கைகால் கழுவி, சட்டை மாட்டினார்.

“எங்க?” என்றாள் ஆரோக்கியம்மாள்.

“பச்சையப்பன் அண்ணன்கிட்ட. நாலு மணிக்கு வருவாரு. கடையில ஆள் சேந்தப்புறம் சொல்லணும். அன்னிக்கு எல்லார் முன்னாடியும்தான அவரைக் கேட்டாங்க.”

அவள் கிட்டே வந்து, உள்ளே மடிந்திருந்த அவர் சட்டைக் காலரை எடுத்துவிட்டாள்.

தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. புழுக்கம் தாங்காத சனிக்கிழமை. கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. டீக்கடையும் மூடித்தான் கிடந்தது. பலகைமேல் அதே பழைய மனை விளம்பரம், நைந்து தொங்கியது. பெஞ்சில் உட்காரப் போன எட்மண்ட் அப்படியே நின்றுவிட்டார்.

மதியம் கடை கட்டும்போது பச்சையப்பன் கடை வாசல் தண்ணீர் டிரம்மைக் காலியாக்கிக் கவிழ்த்துவிட்டுப் போவார். அது இப்போது நிமிர்ந்து நின்றது. பாசியெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தது. விளிம்பு தொட்டுத் தண்ணீர். காக்கை வாய் வைக்காதபடி மேலே ஒரு சுத்தமான பலகை.

டிரம்மின் அடியிலிருந்து ஒரு ஈரக்கோடு மண்ணில் இழுபட்டு, வனஜா வீட்டு கேட்டுக்குள் போயிற்று. உள்ளே வாசல் குழாயில் பூட்டு இல்லை. பச்சை ரப்பர் குழாய் சுருட்டி மாட்டியிருந்தது. நுனியிலிருந்து இன்னும் ஒரு சொட்டு, பிறகு ஒரு சொட்டு. வீட்டுக் கதவு அடைத்தபடியே இருந்தது.

தெருவில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து வந்து போயிருக்கிறாள். தவறாகச் சொன்ன சொல்லை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. கைக்குத் தெரிந்ததைச் செய்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளை அந்தச் சொல்லைச் சொல்ல வைத்தவர், கூரை முடியட்டும் என்று இருந்துவிட்டு இப்போதுதான் வருகிறார். எட்மண்டின் முகம் காந்தியது.

தெருக்கோடியில் சைக்கிள் மணி கேட்டது. பச்சையப்பன் வந்துகொண்டிருந்தார். கேரியரின் இரண்டு பக்கமும் நிறைந்த கேன்கள் ஆட, பாரம் தாளாமல் எழுந்து நின்று மிதித்தார்.

எட்மண்ட் அவரை நோக்கி நடந்தார். இன்றைக்கு அந்தத் தண்ணீர் தேவைப்படாது என்பது பச்சையப்பனுக்கு இன்னும் தெரியாது.